வெளுத்த நிச்சயதார்த்த மோதிரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் ஒரு நகைக்கடையின் பழுதுபார்ப்புப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பது, மோதிரத்தின் அளவைக் கூட்டுவது, கல் விழுந்த தோட்டுக்குக் கல் கட்டுவது, மெருகு போடுவது, பழைய நகைக்கு மாற்று (தங்கத்தின் தரம்) பார்ப்பது என்று வேலை ஓடும். பட்டறையில் ஒரு மூத்த ஆசாரி இருக்கிறார். கவுண்டரில் வாடிக்கையாளர்களிடம் பேசி நகையை வாங்கி வைப்பவர் ஒரு பெண் ஊழியர்.

நகை நிறம் மாறிவிட்டது என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். வரும்போதே முகத்தில் சந்தேகம் இருக்கும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ, கலப்படமோ என்று. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கு வெள்ளியும் செம்பும்தான். சுத்தத் தங்கம் மெழுகு மாதிரி வளையும் என்பதால், அந்த 84 பங்கு இல்லாமல் நகை நிற்காது. வியர்வையோ கந்தகமோ பட்டால் தங்கம் அசையாது, இந்த வெள்ளியும் செம்பும்தான் கறுக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்த்தாலே பாதிப் பேருக்கு நகை பழையபடி வந்துவிடும்.

இங்கே எழுதப்போவது அப்படி முடியாத ஒரு நிகழ்வு. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் படிக்க வேண்டும் என்பதால்தான் அதை மறைக்கவில்லை.

முதல் வருகை: ஆடி மாதத் தொடக்கம்

ஆடியில் புது நகை வாங்க வருகிறவர்கள் குறைவு, பழுது வேலை அதிகம். ஒரு மத்தியானம் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா தனியாக வந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தை மேசையில் வைத்து, "இது தங்கந்தானுங்களா தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

மகளுக்கு ஆனியில் நிச்சயம் முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் அது, அரைப் பவுன். போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, மோதிரத்தின் வெளிப்பக்கம் வெள்ளிபோல வெளுத்திருந்தது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கவரிங் என்றிருக்கிறார். கே.டி.எம் நகை என்றால் இப்படித்தான் வெளுக்கும் என்பது இன்னொருவர் கருத்து. (அது தவறு. கே.டி.எம் என்பது கேட்மியம் கலந்த பொடியால் பற்றவைக்கும் முறை. அதன் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுத்தது, அதனால் கைவிடப்பட்டது. நகை வெளுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. அந்த அம்மா எங்கள் கடையைத் தேடி வந்ததே, யாருக்கும் தெரியாமல் உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான்.

மோதிரத்தின் உள்பக்கத்தில் ஹால்மார்க் முத்திரை சரியாக இருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்ஸின் முக்கோணம், 22K916 என்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வரும் எச்.யு.ஐ.டி என்ற, நகைக்கு நகை மாறும் அடையாளக் குறி. அதை பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தோம். மோதிரம், 916 என்றே வந்தது. எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் கோடுகளாகவும் எண்ணாகவும் காட்டும் காரட் மீட்டரில் உள்பக்கத்தை வைத்தோம். 91.7 காட்டியது. வெளுத்த இடத்தை உரைகல்லில் லேசாக உரசினார் ஆசாரி. முதல் கோடு வெளிறித் தெரிந்தது. அதே இடத்தை இன்னொரு முறை அழுத்தி உரசியபோது மஞ்சள் கோடு வந்துவிட்டது. மேல்தோலில் ஏதோ ஏறியிருக்கிறது, உள்ளே நல்ல தங்கம் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

"ரசம் பட்டிருக்கு" என்றார் ஆசாரி. பாதரசம் அவருக்குப் புதிதில்லை. பட்டறைக் கூட்டு மண்ணை அரித்து, அதில் சிதறிய பொன்துகளைப் பாதரசம் விட்டுச் சேர்த்தெடுக்கிற பழக்கத்தைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர். "நெருப்புல காட்டினா ஓடிப்போயிடும்" என்று சொல்லிக்கொண்டே பற்றுவிளக்கைக் கையில் எடுத்தார்.

நான் தடுக்கவில்லை. அரை நிமிடத்தில் வெண்மை மறைந்தது. மேற்பரப்பு சற்று மங்கி, ஊசி குத்தியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. மெருகு போட்டுக் கொடுத்தோம். "சுத்தமான 916 தானுங்கம்மா. எதோ பட்டிருக்கு, இனி ஆகாது" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாவின் கண் கலங்கியது. மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தேகப்பட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே ஒன்று. பாதரசம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் வருகை: பன்னிரண்டு நாள் கழித்து

இந்த முறை மூன்று பேர் வந்தார்கள். அம்மா, மகள், மகளின் தாய்மாமன். மாமன் கோபமாக இருந்தார். மோதிரம் மறுபடியும் வெளுத்திருந்தது. கூடவே மகளின் தோடு இரண்டும். அது எங்கள் கடையில் வாங்கியது. தோட்டின் முகப்பில் கல் ஓரமெல்லாம் சாம்பல் பூத்தது போல இருந்தது. போதாக்குறைக்கு அம்மாவின் தாலிக்கொடியும் கறுத்திருந்தது. அதையும் கழுத்திலிருந்தபடியே எடுத்துக் காட்டினார்.

"எந்தக் கடை நகையும் இப்ப நம்பற மாதிரி இல்லீங்க" என்றார் மாமன். மாப்பிள்ளை வீட்டில் போய் மோதிரத்தை வைத்துக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். எங்கள் பகுதிக் கல்யாணத்தில் தாய்மாமன் வார்த்தைக்கு இருக்கிற எடை தெரிந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று புரியும். ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் நாங்கள் செய்தது, மூன்று நகையையும் ஒரே குற்றச்சாட்டாகப் பார்க்காமல் தனித்தனியாகப் பிரித்ததுதான். கறுப்பு வேறு, வெளுப்பு வேறு.

கறுத்த தாலிக்கொடி

கொடியின் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பிடரியில் படும் பகுதியிலும், கண்ணிகளின் பற்றவைப்பு இடங்களிலும் அதிகம். பொடி வைத்து ஊதிய இடத்தில் தங்கம் சற்றுக் குறைவாகவும் மற்ற உலோகம் கூடுதலாகவும் இருக்கும், ஆகவே கறுப்பு முதலில் அங்கேதான் தெரியும்.

"கழுத்துக்கு என்னம்மா போடறீங்க?" என்று கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் கேட்டார். கழுத்தில் அரிப்பு, அதனால் இரண்டு மாதமாகக் கந்தக சோப்புத் தேய்த்துக் குளிக்கிறேன் என்றார். விடை கிடைத்துவிட்டது. கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்புச் சல்ஃபைடு ஆகிறது. முட்டை பட்ட வெள்ளி ஸ்பூன் கறுப்பதும் இதே காரணத்தால்தான். குளித்தபின் சோப்பு நுரை கண்ணிகளுக்குள் தங்கி, அதன்மேல் முகப் பவுடரும் வியர்வையும் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பவுடருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிலுள்ள நுண்துகள்கள் நகையைக் கண்ணுக்குத் தெரியாமல் தேய்க்கின்றன. தேய்ந்த பொன்துகள் தோலில் கறுப்புக் கோடாகத் தெரியும். கழுத்தில் விழும் கறுப்பைப் பார்த்து, நகை சாயம் போகிறது என்று நினைக்கிறார்கள்.

கொடியை வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். பளிச்சென்று வந்தது. எடையில் கணிசமான மாற்றமில்லை. வீட்டில் பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம், அது அரம் மாதிரி தங்கத்தை அறுக்கும் என்று சொன்னோம். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரும் கூடாது. அதிலிருக்கும் குளோரின் பற்றவைப்பைத்தான் முதலில் அரிக்கும்.

இந்தக் கதை அதோடு முடிந்தது. முடிந்ததும் மாமனின் குரல் கொஞ்சம் இறங்கியது. கறுத்த நகை கண்முன்னால் மஞ்சளானதைப் பார்த்த பிறகு, நாங்கள் சொல்வதைக் கேட்கத் தயாரானார். அதனால்தான் கொடியை முதலில் எடுத்தோம்.

வெளுத்த மோதிரமும் தோடும்

வெளுப்பின் விஷயம் வேறு. கறுப்பில் தங்கம் சும்மா இருக்கிறது, அதன் கூட்டாளிகள் கறுக்கின்றன. வெளுப்பில் தங்கமே மாட்டிக்கொள்கிறது. அமிலத்துக்கும் காற்றுக்கும் அசையாத தங்கம் பாதரசத்தைத் தொட்டதும் அதோடு கலந்து வெள்ளை நிற ரசக்கலவை ஆகிவிடும். சோப்பாலோ பூந்திக்கொட்டையாலோ அதை எடுக்க முடியாது. பாதரசம் மேலே நிற்காமல் உலோகத்தின் மணிகளுக்கு இடையே ஊடுருவும். நகை நொறுங்கும் தன்மை அடையும். மெல்லிய சங்கிலியாக இருந்தால் கண்ணி தானே அறுந்து விழும்.

தோட்டைக் காரட் மீட்டரில் வைத்தோம். பின்பக்கத் திருகாணியில் எண் சரியாக இருந்தது. முகப்பில் தங்கத்தின் அளவு இறங்கி, பாதரசத்தின் கோடு தனியாக எழுந்தது. மோதிரத்தின் வெளிப்பக்கத்திலும் அதே. இரண்டு வெவ்வேறு கடையில், வெவ்வேறு வருடத்தில் வாங்கிய நகைகள். ஒரே உடம்பில் இருந்தவை. ஆக, பழுது நகையில் இல்லை.

ஆசாரி பழக்கத்தில் விளக்கை எடுத்தார். இந்த முறை நான் கையைப் பிடித்தேன். பாதரசம் சுமார் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. தங்க நகை உருகுவதற்கு வெகு முன்பே அத்தனையும் புகையாகிவிடும். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஜன்னல் ஒன்று மட்டுமே உள்ள பட்டறையில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஊதினால் அது எங்கே போகும்? மூச்சுக்குள்தான். பன்னிரண்டு நாள் முன்பு அதைத்தான் அவர் செய்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை முறை அப்படி ஊதியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு மனசு கனத்தது.

கேட்ட விதம்

பாதரசம் ஒரு வீட்டில் எங்கிருந்து வரும்? உடைந்த பழைய தெர்மாமீட்டர், பழைய பிரஷர் கருவி, சில ரசாயனக் கூடங்கள், சரியாகத் தயாரிக்கப்படாத ரச மருந்துகள். ஒவ்வொன்றாகக் கேட்டோம். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. அந்தப் பெண் வேலை பார்ப்பது ஓர் அலுவலகத்தில், கணினி முன்னால்.

மீதி இருந்தது முகத்துக்குப் போடும் க்ரீம்தான். அதை மாமன் முன்னால் கேட்டால் பதில் வராது என்று எங்கள் பெண் ஊழியருக்குத் தோன்றியது. அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். இந்த நிகழ்வில் நடந்த மிகச் சரியான முடிவு என்று நான் நினைப்பது இதைத்தான். அதை எடுத்தவர் நான் இல்லை.

உள்ளே பேசியதை அவர் பிறகு அந்தப் பெண்ணின் அனுமதியோடு சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டு உறவில் யாரோ, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு ஓர் அழகு நிலையத்தில் கல்யாணப் பெண்ணுக்கான மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். இரவில் பூசிக்கொள்ள ஒரு வெள்ளை டப்பாவில் க்ரீம் கொடுத்தார்கள். பெரிய டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்ததாம், மேலே எந்தச் சீட்டும் இல்லை. இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மோதிர விரலால்தான் தொட்டுப் பூசுவாள். காதோரம்வரை பூசுவாள்.

"க்ரீமால மோதிரம் வெளுக்குங்களாக்கா?" என்று அவள் கேட்டபோது குரல் நடுங்கியதாம். அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்த விஷயம் அது.

இதற்கு நடுவே எங்கள் பெண் ஊழியர் கவனித்த இன்னொன்று, அந்தப் பெண்ணின் காலில் செருப்பு வார் பதிந்த தடம். சதை வீங்கி, தடம் ஆழமாக விழுந்திருந்தது. கேட்டதற்கு, பத்து நாளாகச் செருப்பு இறுக்கமாக இருக்கிறது, காலையில் கண் இமையும் உப்பிக்கொள்கிறது, கல்யாண அலைச்சல் என்று நினைத்தேன் என்றாள்.

க்ரீமைப் பார்த்தது

மறுநாள் டப்பாவைக் கொண்டுவந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பழைய 22 காரட் தகட்டுத் துண்டின் ஒரு பாதியில் க்ரீமைத் தடவி மூடி வைத்தோம். மறுநாள் காலை துடைத்துப் பார்த்தால், தடவிய பாதி சாம்பல் வெள்ளையாக இருந்தது, தடவாத பாதி மஞ்சள். கொஞ்சம் க்ரீமைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் காரட் மீட்டரிலும் வைத்தோம். பாதரசக் கோடு தெளிவாக எழுந்தது. எங்கள் கருவி தங்கத்துக்கானது. க்ரீமில் எத்தனை பங்கு என்று அது சொல்லாது. இருக்கிறது என்பதை மட்டும் சொன்னது.

இந்த க்ரீம்களில் பாதரசம் உலோகமாக இருப்பதில்லை. கலோமெல் போன்ற உப்பாகப் போடுகிறார்கள். தோலில் நிறமியை உண்டாக்கும் நொதியை அது முடக்குவதால்தான் முகம் வெளுக்கிறது. நகையில் பட்டால், நகையிலுள்ள செம்பு அந்த உப்பிலிருந்து பாதரசத்தை உலோகமாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த பாதரசத்தைத் தங்கம் உடனே வாங்கிக்கொள்கிறது. முகத்தை வெளுத்ததும் மோதிரத்தை வெளுத்ததும் ஒரே பொருள்.

இந்தியாவின் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்துவிட்டால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் சீட்டில்லாத டப்பாக்களில் இது வருகிறது. சில வெளிநாட்டு க்ரீம்களின் அட்டையில் தங்கம், வெள்ளி, ரப்பர், அலுமினியம் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருக்கும் என உலகச் சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. தங்கத்தில் படக்கூடாது என்று எழுதியதை ஒரு பிள்ளையின் முகத்தில் பூசச் சொல்கிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ள 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்ற அரிதான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். கோவையிலிருந்து மலப்புரம் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் தூரம்.

எடுத்த முடிவுகள்

நகைக்கடைக்காரன் மருத்துவன் இல்லை. ஆனால் வீக்கத்தையும் வெளுத்த மோதிரத்தையும் ஒன்றாகப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவையும் பெண்ணையும் உட்காரவைத்து நேராகச் சொன்னோம். க்ரீமை இன்றே நிறுத்த வேண்டும். நாளைக்கே சிறுநீரக மருத்துவரைப் பார்த்து, க்ரீம் விஷயத்தைத் தாங்களாகவே முதலில் சொல்ல வேண்டும், அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது. டப்பாவைக் குப்பையில் போடாமல் இறுக மூடி, இரண்டு உறைக்குள் வைத்துக் கையோடு எடுத்துப்போக வேண்டும். தலையணை உறை, துண்டு இவற்றைத் தனியாகத் துவைக்க வேண்டும், ஏனென்றால் பூசுபவரிடமிருந்து பாதரசம் வீட்டில் மற்றவர்களுக்கும் போகும், குழந்தைகளுக்கும்.

நகையைப் பொறுத்தவரை, எங்கள் பட்டறையில் நெருப்பில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். மோதிரத்தையும் தோட்டையும் மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்து, புகையை இழுத்து வடிகட்டும் கூண்டு உள்ள ஒரு சுத்திகரிப்புக் கூடத்துக்கு அனுப்பினோம். நாளும் செலவும் கூடும் என்று முன்பே சொன்னோம்.

அம்மா சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரி என்றால் ஊர் என்ன சொல்லும் என்று அழுதார். அவரைச் சம்மதிக்க வைத்தவர் தாய்மாமன்தான். "கல்யாணத்த அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கலாம் அக்கா. புள்ளைய மொதல்ல காட்டலாம்" என்றார். முந்தாநாள் கோபத்தோடு வந்த அதே மனிதர்.

அதன்பின் நடந்தது

குடும்பத்தார் எங்களிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன். சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. பயாப்சியில் கோட்டக்கல்லில் கண்ட அதே நெல்-1 வகை. க்ரீமை நிறுத்தி, மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். வீக்கம் புரட்டாசிக்குள் வடிந்தது. புரதம் மெதுவாகத்தான் குறைந்தது. மார்கழியில் எடுத்த பரிசோதனையில் இயல்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சிறுநீரகம் தப்பித்தது என்று மருத்துவர் சொன்னதாக அம்மா போனில் அழைத்துச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். நிறம் பற்றிப் பேசியவர்கள் அதைக் கேட்டு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை நேரில் வந்து எங்களிடம் மோதிரத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். கல்யாணம் தைக்குத் தள்ளி வைக்கப்பட்டு, தையிலேயே நடந்தது.

ஆசாரிக்கும் பரிசோதனை செய்தோம். அளவு கொஞ்சம் கூடுதல், ஆபத்து எல்லைக்குள் இல்லை என்றார்கள். கை நடுக்கத்தை வயசுக் கோளாறு என்று சில வருடமாகச் சொல்லிவந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்தப் பதில் எனக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அழகு நிலையம் நடத்தியவரிடம் எங்கள் பெண் ஊழியரும் அந்த அம்மாவும் போய்ப் பேசினார்கள். சண்டை போடத்தான் போனார்கள். அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து தன் மோதிரத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதுவும் வெளுத்திருந்தது. கலப்பட நகை என்று நினைத்து ஆறு மாதமாகக் கழற்றி வைத்திருந்தாராம். அதே க்ரீமை அவரும் பூசிக்கொண்டிருந்தார், தன் கையால் தினமும் மற்றவர்களுக்கும் பூசிவிட்டுக்கொண்டிருந்தார். க்ரீமை ஒரு விற்பனையாள் பில் இல்லாமல் கொடுத்துவிட்டுப் போவாராம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்தோம். மீதியிருந்த பெரிய டப்பாவை அவரே ஒப்படைத்தார்.

இப்போது மாற்றியிருப்பது

நகை வெளுத்திருக்கிறது என்று யார் வந்தாலும், விளக்கைப் பற்றவைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை ஓர் அட்டையில் எழுதி ஆசாரியின் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். என்ன பூசுகிறீர்கள், யார் கொடுத்தது, சீட்டு இருக்கிறதா, வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்ததா, எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள், கை கால் வீக்கம் உண்டா. பெண்களிடம் பெண் ஊழியர்தான் கேட்கிறார், தனியாக. பதில் எதுவாக இருந்தாலும் வெளுத்த நகைக்கு எங்கள் பட்டறையில் நெருப்பு இல்லை. சுத்திகரிப்புக் கூடத்துக்குத்தான் போகும்.

முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பெண் பன்னிரண்டு இரவு குறைவாகப் பூசியிருப்பாள். நாங்கள் வெண்மையை நீக்கிக் கொடுத்ததால், வீட்டில் எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் நகையைப் பழையபடி ஆக்கித் தருவதைத்தான் திறமை என்று சொல்லித் தருகிறார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் சமயத்தில் மோதிரம் வெளுத்தபடியே இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

க்ரீம் விற்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. பூசும்போது நகையைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என இப்போது வேறு சிலர் வந்து சொல்கிறார்கள். பொதுவாக எந்த க்ரீமுக்கும் நகையைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான், நானும் எல்லோரிடமும் அதைச் சொல்கிறேன். ஆனால் முகத்துக்குப் போடுவதைக் கொடுக்கும்போதே, தங்கத்தில் படாமல் பார்த்துக்கொள் என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், அந்த டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக

மோதிரம் ஐப்பசியில் சுத்திகரிப்புக் கூடத்திலிருந்து திரும்பியது. இரண்டு முறை சூடும் மெருகும் பட்டதில் கொஞ்சம் எடை குறைந்திருந்தது. வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் சின்னப் பள்ளம் நின்றுவிட்டது. அதை நிரப்பித் தரட்டுமா என்று கேட்டோம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் அந்தப் பெண்.

கல்யாணம் முடிந்து மாசியில் கணவரோடு ஒருமுறை வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து வைத்தாள். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த வெயில் க்ரீம், பில்லும் சீட்டும் எல்லாம் இருந்தது. "இருந்தாலும் ஒருதரம் மெஷின்ல வச்சுப் பாத்துடுங்கண்ணா" என்றாள். வைத்துப் பார்த்தோம். பாதரசக் கோடு எழவில்லை. ட்யூபை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கணவரோடு படியிறங்கிப் போனாள்.